கடை கம்ப்யூட்டருக்கு சர்வோ சரிவருமா?

கேள்வி: பாலக்கோட்டில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன் சார். ஆன்லைன் விண்ணப்பம் போடுவது, கரண்ட் பில் கட்டுவது எல்லாம் உண்டு. கம்ப்யூட்டர் பழசு, 4 ஜிபி ரேம். குரோமில் நாலு டேப் திறந்தாலே திணறுகிறது. இன்ஜினியரிங் படிக்கும் அக்கா மகன், 'சர்வோ' இலவசம், அதைப் போடுங்கள் மாமா என்கிறான். தருமபுரியில் கேட்டால் புதுசே வாங்கிவிடுங்கள் என்கிறார்கள். எதைச் செய்வது?

பதில்: இப்போதைக்கு இரண்டும் வேண்டாம்.

பையன் சொல்வது நல்ல சரக்குதான். இணையப் பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் எஞ்சின் சர்வோ. 2012-ல், ஃபயர்ஃபாக்ஸ் பிரவுசரைத் தரும் மொசில்லா தொடங்கியது. ரஸ்ட் என்ற புரோகிராமிங் மொழியில் எழுதப்படுகிறது. அதனால் மெமரிப் பிழை வழியாக வரும் பாதுகாப்பு ஓட்டைகள் குறையும். 2020-ல் மொசில்லாவில் ஆட்குறைப்பு நடந்து அந்தக் குழு கலைந்தது. திட்டம், திறந்த மூல மென்பொருள்களை ஆதரிக்கும் லினக்ஸ் ஃபவுண்டேஷனுக்குப் போய், 2023-லிருந்து இகாலியா நிறுவனத்தாரின் உழைப்பில் மறுபடி வேகம் பிடித்தது. நின்றே போயிருக்க வேண்டியதை இழுத்துப் பிடித்திருக்கிறார்கள், பாராட்ட வேண்டும்.

ஆனால் 0.0.1 என்ற முதல் வெளியீடே 2025 அக்டோபரில்தான் வந்தது. மற்ற செயலிகளுக்குள் பொருத்துவதுதான் அதன் முக்கிய நோக்கம். கூடவே வரும் சிறு பிரவுசர் சோதித்துப் பார்க்க. பல தளங்கள் அதில் இன்னும் சரியாகத் திறப்பதில்லை. அடுத்தவர் பணம் கட்டும்போது பக்கம் பாதியில் நின்றால் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்.

குரோமை விட்டு எட்ஜுக்கோ பிரேவுக்கோ மாறினாலும் பெரிய வித்தியாசம் இராது, உள்ளே இருப்பது அதே பிளிங்க் எஞ்சின். ஃபயர்ஃபாக்ஸ் போட்டுப் பாருங்கள். அதன் எஞ்சின் வேறு. சர்வோவுக்காக எழுதிய, பக்கத்தின் நிறம், எழுத்து, அமைப்பைக் கவனிக்கும் சிஎஸ்எஸ் பகுதி 2017-ல் வந்த ஃபயர்ஃபாக்ஸ் 57 முதல் அதில் ஓடிக்கொண்டிருக்கிறது.

புதுசு வாங்கும் முன் ஒன்று செய்யுங்கள். கம்ப்யூட்டர் திணறும் நேரத்தில் கன்ட்ரோல், ஷிப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தினால் டாஸ்க் மேனேஜர் வரும். மெமரி 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால் ரேம் போதவில்லை. டிஸ்க் 100-லேயே நின்றால், அதுவும் பழைய ஹார்ட் டிஸ்க் என்றால், அதற்குப் பதில் வேகமான எஸ்எஸ்டி போடுங்கள். இரண்டுமே என்றால் முதலில் ரேமைக் கூட்டி, இன்னும் இழுத்தால் எஸ்எஸ்டி. புது கம்ப்யூட்டர் விலையில் இது சிறு பங்குதான். ரேமில் வகைகள் உண்டு, டிடிஆர்3 ஸ்லாட்டில் டிடிஆர்4 ஏறாது. அதனால் பழைய ரேமைக் கழற்றிக் கையோடு கொண்டுபோய்க் காட்டி வாங்குங்கள். பில்லில் சீரியல் எண்ணும் வாரண்டி காலமும் இருக்கட்டும், வாய்ப்பேச்சு செல்லாது.

அக்கா மகன் தன் லேப்டாப்பில் சர்வோவைத் தாராளமாகப் போடலாம். 'கொ', 'மௌ' போன்ற எழுத்துகள் சரியாக விழுகிறதா, நம் அரசுத் தளங்களின் படிவங்கள் திறக்கிறதா என்று பார்த்து, உடைந்த பக்கத்தின் முகவரியையும் படத்தையும் அந்தத் திட்டத்துக்கு அனுப்பச் சொல்லுங்கள். தமிழ்ப் பக்கங்களை இப்படிச் சோதித்துச் சொல்ல அவர்களுக்கு ஆள் வேண்டும்.