காலி பிக்கப் மேட்டில் துள்ளுவது ஏன்? பட்டறைக்காரன் பதில்கள்

காரைக்குடிப் பக்கம் பட்டை வேலை பார்க்கிறவன் நான். பட்டை என்றால் வண்டியின் பின்பக்கத்தைத் தாங்கும் இரும்புத் தகடு ஸ்பிரிங். மழை பெய்து கண்மாய்ப் பாதை இளகியதும் எல்லோரும் ஒரே புகாரோடு வருகிறார்கள். மொத்தமாகக் கேளுங்கள், தெரிந்ததைச் சொல்கிறேன்.

கல்லல் தம்பி: அண்ணே, காலி வண்டியக் கண்மாய்க் கரை மேட்டுல ஏத்தினா பின்பக்கம் தடதடன்னு குதிக்குது. லோடு இருந்தா ஒண்ணும் இல்ல. ஏன்?

முதலில் ஒன்று. குதிக்க ஆரம்பித்ததும் ஆக்சிலரேட்டரிலிருந்து காலை எடுங்கள். மிச்சமெல்லாம் அப்புறம்.

பட்டையின் வேலை லோடு தாங்குவது மட்டும் இல்லை, ஹவுசிங்கை, அதாவது பின் ஆக்சிலை மூடியிருக்கும் இரும்புக் கூட்டை, பிடித்து வைத்திருப்பதும் அதுதான். முதல் கியரில் மிதித்தால் சக்கரம் முன்னால் உருளும், ஹவுசிங் அதற்கு எதிராகத் திரும்பப் பார்க்கும். ஹவுசிங்கின் முன்பக்கம் நீண்டிருக்கும் பினியன் மூக்கு மேலே எழும், பட்டை எஸ் எழுத்து மாதிரி முறுகும். சரளையில் டயர் பிடி விட்ட நொடியில் அந்த முறுக்கு படீரென்று அவிழும். டயர் மறுபடி பிடிக்கும், பட்டை மறுபடி முறுகும். நொடிக்குப் பல தடவை இதே கதைதான். லோடு இருந்தால் டயர் மண்ணோடு அழுந்திக் கிடக்கும். காலி வண்டியில் எடை முழுக்க முன்னால் இன்ஜின் பக்கம், பின்னால் வெறும் பெட்டி. ஒரு டன்னுக்கு மேல் தாங்கச் செய்த பட்டை, காலிப் பெட்டிக்கு இரும்புக் கட்டை.

புது வண்டி என்றால் ஓட்டும் விதத்தில் சரியாகிவிடும். மேட்டுக்கு முன்பே இரண்டாம் கியருக்கு வந்து, காலை ஒரே சீராக வைத்து ஏறுங்கள். பழைய வண்டி என்றால் அடியில் படுத்துப் பாருங்கள். போன மாதம் வந்த ஒரு வண்டியில் பட்டையை ஹவுசிங்கோடு இறுக்கும் யூ போல்ட் நட்டில் ஸ்பேனரை வைத்தேன், முக்கால் சுற்று போனது. பட்டை உட்காரும் இடத்தில் துருவுக்கு நடுவே விரலகலத்துக்குப் பளபளவென்று ஒரு தடம். ஹவுசிங் நகர்ந்து நகர்ந்து உரசிய தடம் அது. பட்டையின் முனை தொங்கி ஆடும் இணைப்பான ஷாக்கிளில் இருக்கும் ரப்பர் புஷ் முட்டை வடிவத்துக்குத் தேய்ந்து, கையில் எடுத்ததும் கறுப்புத் தூளாக உதிர்ந்தது. ஆட்டத்தை அடக்கும் ஷாக் அப்சார்பரைக் கழற்றிக் கையால் இழுத்தால், பிடிப்பே இல்லாமல் சைக்கிள் பம்ப் மாதிரி வந்தது. மூன்றையும் சரி செய்தோம், துள்ளல் பெரும்பாலும் போய்விட்டது.

ஆத்தங்குடி: தரைக்கல் ஏத்திக்கிட்டுப் போறேன். மண் ரோட்டுல வண்டி அதிருது, கல்லு ஓரம் உடையுது. இதுவும் அதேதானா?

இல்லை. காலை எடுத்தால் நின்றுவிடுவது சக்கரத் துள்ளல். காலை எடுத்தும் அதிர்ந்தால் அது ரோட்டில் விழுந்த அலை. ஸ்பிரிங்கே இல்லாத சக்கரத்தைக் காய்ந்த மணலில் கொஞ்சம் வேகமாக உருட்டினாலும் அந்த அலை விழும், சோதித்தே பார்த்திருக்கிறார்கள். உங்கள் வண்டியில் குறை இல்லை, வேகத்தைக் குறையுங்கள். கல்லைப் படுக்கப் போடாமல் செங்குத்தாக நிறுத்தி, நடுவில் வைக்கோல் வைத்து, பின் ஆக்சிலுக்குக் கொஞ்சம் முன்னால் அடுக்குங்கள். பெட்டியின் வால் பக்கம்தான் அதிகம் ஆடும்.

கானாடுகாத்தான்: எந்த டயர் போடலாம்?

பட்டன், அதாவது டயர் மேல் உள்ள ரப்பர் கட்டைகள், தேயாத எந்த டயரும்.

தேவகோட்டை: எதுக்கு இவ்வளவு பேச்சு? ஒரு பட்டை கூட்டிப் போட்டாத் தீர்ந்துச்சு. எங்க அப்பா காலத்துல இருந்து அதான்.

திருமயம்: அது தப்பு. டயர்ல காத்தக் குறைச்சாப் போதும்.

தேவகோட்டை: சரளைக் கல்லுல காத்தக் குறைச்சா டயர் பக்கவாட்டுல கிழியும். டயர் காசு நீங்க தருவீங்களா?

சண்டை வேண்டாம். தேவகோட்டை அண்ணன் சொல்வதில் பாதி சரி. பட்டை கூடினால் முறுக்கு குறையும். ஆனால் காலி வண்டி இன்னும் விறைத்து, பள்ளத்தில் விழுந்தால் எகிறும். லோடோடு திரும்புகிற வண்டிக்குச் சரி. ஒரு வழி காலியாகவே ஓடும் வண்டிக்கு நான் போட்டுத் தரமாட்டேன்.

காற்று விஷயத்தில் திருமயம் சொல்வது சரி, ஆனால் காலி வண்டிக்கு மட்டும். முழு லோடுக்கு அடித்த காற்றோடு காலியாக ஓட்டினால் டயர் பந்து மாதிரி எம்பும். காலிக்கு எவ்வளவு, லோடுக்கு எவ்வளவு என்று வண்டியோடு வந்த புத்தகத்திலேயே இருக்கும். லோடு ஏற்றிவிட்டுக் காற்றைக் குறைக்காதீர்கள். டயர் சூடேறி வெடிக்கும்.

தேவகோட்டை: அப்ப ஒரேயடியா என்னதான் வழி?

முறுக்குத் தடுக்கும் கம்பி. ஒரு முனை ஹவுசிங்கில், மறு முனை வண்டியின் அடிச்சட்டமான சேசிஸில். சேசிஸ் பக்கத்து முனை முன்பின் ஆடும்படி ஷாக்கிளில் தொங்க வேண்டும். நேராக வெல்டு வைத்தால் பட்டை ஏறி இறங்க வழியில்லாமல் ஏதாவது ஒன்று முறியும். இன்னொன்று, ஷாக் அப்சார்பரை ஆக்சிலுக்கு முன்னால் ஒன்று, பின்னால் ஒன்று என்று மாற்றி வைப்பது. அமெரிக்காவின் செவ்ரலே கமரோவில் 1967-ல் ஒற்றைப் பட்டையால் இதே துள்ளல் வந்தது. 1968-ல் ஷாக்கை இப்படித்தான் மாற்றினார்கள். நம் பிக்கப் சிலவற்றிலும் அப்படியே வரும். குனிந்து பாருங்கள்.

புதுவயல்: நாலு மூட்டை மணல் போட்டா?

போடலாம். ஆக்சிலுக்கு மேலே வைத்துக் கட்டுங்கள். கட்டாத மூட்டை பிரேக் பிடித்தால் கேபினுக்கு வரும்.

பள்ளத்தூர்: எந்த டயர் நல்லது?

கானாடுகாத்தானுக்குச் சொன்னதுதான்.

சிங்கம்புணரி: ஸ்டியரிங் ஒரு பக்கம் இழுக்குது.

அது அலைன்மென்ட் கடை வேலை. நான் பின்பக்கத்து ஆள்.

கோட்டையூர்: நம்ம வண்டி நாலு சக்கரமும் இழுக்கும். அதுலயுமா துள்ளும்?

துள்ளும். மேட்டில் பாதி ஏறிய பிறகு போடாமல், அடியிலேயே நாலு சக்கரத்துக்கு மாற்றிவிட்டு ஏறுங்கள். இழுவை பிரிந்துவிடும். தார் ரோடு வந்ததும் மறக்காமல் எடுத்துவிடுங்கள்.

குன்றக்குடி: அண்ணே, துள்ளும்போதே இன்னும் கொஞ்சம் மிதிச்சா ஏறிடுமே?

முதல் பதிலைப் படித்தீர்களா? காலை எடுங்கள் என்றேன். போன தை மாதம் ஒருவர் அப்படி மிதித்து ஏறப் பார்த்தார். இன்ஜின் சுழற்சியைப் பின் ஆக்சிலுக்குக் கொண்டுபோகும் புரொப்பெல்லர் ஷாஃப்டின் மூட்டில் இருக்கும் கிராஸ் உடைந்து, ஷாஃப்ட் கீழே தொங்கி, கயிறு கட்டி இழுத்து வந்தார்கள். அந்தக் கிராஸ் இன்னும் என் மேசையில் கிடக்கிறது. நாலு காலில் ஒன்று இல்லை. இந்தப் பக்கம் வந்தால் எடுத்துப் பாருங்கள்.