வீடியோ பார்த்தார்கள், பாடம் ஏறவில்லை: ஆன்லைன் அறிவியல் வகுப்பு கேள்வி பதில்

சென்னையில் கல்லூரி அறிவியல் பாடங்களை ஆன்லைனில் நடத்துபவர்களும் படிப்பவர்களும் அனுப்பிய கேள்விகளும், பாட வடிவமைப்பாளர் ஒருவரின் பதில்களும்.

தாம்பரம், இயற்பியல் ஆசிரியை: ஐம்பது நிமிட வீடியோ போடுகிறேன். எல்லாரும் பார்த்ததாகத்தான் கணக்கு காட்டுகிறது. இன்டர்னலில் பாதிப் பேர் தேறவில்லை. வீடியோவைச் சுருக்கினால் போதுமா சார்?

சுருக்குங்கள் மேடம், அது பாதி வேலைதான். எட்எக்ஸ் என்ற ஆன்லைன் பாடத் தளத்தின் வீடியோக்களை வைத்து 2014இல் வந்த ஆய்வில், வீடியோ எவ்வளவு நீளமானாலும் மாணவர்கள் பார்த்த நேரத்தின் நடுமதிப்பு ஆறு நிமிடத்தைத் தாண்டவில்லை. ஐம்பது நிமிடத்தை ஏழெட்டுத் துண்டாக்கி, ஒவ்வொரு துண்டுக்கும் *முன்னால்* ஒரு கேள்வி வையுங்கள். பதிலைப் பதியாமல் வீடியோ திறக்கக் கூடாது.

உதாரணம்: மேலே எறிந்த பந்து உச்சியில் இருக்கும்போது அதன் முடுக்கம் என்ன? பூஜ்யம், மேல்நோக்கி 9.8, கீழ்நோக்கி 9.8. திசைவேகத்தையும் முடுக்கத்தையும் குழப்புகிறவர் பூஜ்யத்தைத் தொடுவார். தொட்ட பிறகு விளக்கத்தைக் காது கொடுத்துக் கேட்பார். விளக்கத்தை முதலில் சொன்னால் "தெரிஞ்சதுதானே" என்று தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். தவறான விடைகளை யோசித்து உருவாக்க வேண்டாம். போன வருட விடைத்தாள்களில் கொட்டிக் கிடக்கும்.

ராயப்பேட்டை, வேதியியல் ஆசிரியர்: லைவ் வகுப்பில் யாரும் வாய் திறப்பதில்லை.

"புரிஞ்சுதா?" என்று கேட்டால் "யெஸ் சார்" மட்டும்தான் வரும். ஹார்வர்டில் இயற்பியல் பேராசிரியர் எரிக் மசூர் 1991 முதல் செய்துவந்த முறை ஆன்லைனுக்கும் பொருந்தும். கொதிக்கும் நீரின் குமிழிக்குள் இருப்பது காற்றா, ஹைட்ரஜனும் ஆக்சிஜனுமா, நீராவியா என்று திரையில் வாக்கெடுப்பு வையுங்கள். சரியாகச் சொன்னவர்கள் 30 சதவீதத்துக்குக் கீழ் என்றால் பாடத்தை மறுபடி எடுங்கள். 70ஐத் தாண்டினால் மேலே போங்கள். நடுவில் இருந்தால் நான்கு பேர் அறைகளில் நான்கு நிமிடம் விவாதம், பிறகு மறு வாக்கு. இரண்டு பேர் அறை வேண்டாம். ஒருவர் நெட் போனால் மற்றவர் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார வேண்டும்.

எல்லாரும் செய்யும் தப்பு ஒன்று உண்டு: முதல் வாக்கின் முடிவை உடனே காட்டிவிடுவது. உயரமான பட்டையைப் பார்த்து எல்லாரும் அங்கே சாய்ந்துவிடுவார்கள், விவாதமே நடக்காது.

பெரம்பூர், பி.எஸ்சி. மாணவர்: ஐஐடிகள் நடத்தும் என்பிடெல் ஆன்லைன் வகுப்பில் 12 வாரப் பாடம் எடுத்திருக்கிறேன் சார். அசைன்மென்டில் முழு மார்க் வருகிறது, மாதிரித் தேர்வில் கை ஓடவில்லை.

தம்பி, அசைன்மென்ட் எழுதும்போது வீடியோ திறந்திருக்கிறது, வாட்ஸ்அப் குரூப்பும் திறந்திருக்கிறது. 12 அசைன்மென்டில் சிறந்த 8 சேர்ந்து 25 மார்க், தேர்வு 75. சான்றிதழுக்கு 25இல் 10, 75இல் 30, இரண்டுமே தேவை. ஆகவே உதவியில்லாமல் நினைவிலிருந்து எடுக்கும் பழக்கம்தான் வேண்டும்.

உளவியலாளர்கள் ரோடிகரும் கார்ப்பிக்கியும் இதை 2006இல் சோதித்தார்கள். ஐந்து நிமிடம் கழித்துக் கேட்டபோது, திரும்பத் திரும்பப் படித்தவர்கள் முன்னால் நின்றார்கள். ஒரு வாரம் கழித்துக் கேட்டபோது, படித்ததை மூடிவைத்து எழுதிப் பார்த்தவர்கள் முந்தினார்கள். ஒவ்வொரு வீடியோ முடிந்ததும் வெற்றுத் தாளில் ஐந்து நிமிடம் எழுதுங்கள். விட்டதை மட்டும் சிவப்புப் பேனாவில் சேருங்கள். வார இறுதியில் பழைய அசைன்மென்டிலிருந்து 1, 3, 5ஆம் வாரக் கணக்குகளை விடைகளை மறைத்து, கலந்து போடுங்கள். ஒரே வாரக் கணக்கை வரிசையாகப் போட்டால் எந்தச் சூத்திரம் என்று யோசிக்கவே வேண்டியிருக்காது. தேர்வில் மாட்டுவது அங்கேதான்.

ஆவடி, ஆய்வகப் பொறுப்பாளர்: வீட்டிலேயே பிராக்டிகல் கொடுத்தால் எல்லாரும் ஒரே ரீடிங்கைக் காப்பி அடிக்கிறார்கள்.

தனி ஊசலைக் கொடுங்கள். நூல், சின்னப் பூட்டு, டேப், போன் ஸ்டாப்வாட்ச் போதும். நீளங்கள் 40, 55, 70, 85, 100 செ.மீ.; ஒவ்வொன்றோடும் பதிவு எண்ணின் கடைசி இலக்கத்தைக் கூட்டச் சொல்லுங்கள். இனி பக்கத்து நோட்டு உதவாது.

ஒரு அலைவை மட்டும் அளந்தால், விரல் தாமதம் 0.2 வினாடி என்றாலே ஒரு மீட்டர் ஊசலின் 2 வினாடியில் 10 சதவீதப் பிழை. அதிலிருந்து கணக்கிடும் புவியீர்ப்பு முடுக்கமான ஜி-யின் மதிப்பில் 20 சதவீதம். இருபது அலைவுக்கு அளந்தால் அதே தாமதம் ஜி-யில் 1 சதவீதமாகச் சுருங்கும். ஸ்டாப்வாட்ச்சை அழுத்தும்போது "பூஜ்யம்" என்று எண்ணத் தொடங்க வேண்டும். "ஒன்று" என்று தொடங்கினால் 19 அலைவுதான் ஓடியிருக்கும், ஜி 10.8 என்று வந்து நிற்கும். அந்த எண்ணைப் பார்த்ததுமே நோய் தெரிந்துவிடும். ஒரு மீட்டர் நூலுக்குப் பக்கவாட்டில் 10 செ.மீ. இழுத்தால் போதும், 30 டிகிரிக்கு இழுத்தால் ஜி மூன்று சதவீதத்துக்கு மேல் குறையும்.

பூட்டின் நடு எங்கே என்று தெரியாதே என்பார்கள். தெரியவே வேண்டாம். நூலின் நீளத்தைப் பூட்டின் மேல்விளிம்பு வரை அளந்து, அலைவுநேரத்தின் வர்க்கத்தை நீளத்துக்கு எதிராக வரையட்டும். சாய்வு மீட்டருக்கு 4.04 வினாடி வர்க்கம் அருகே வரும், ஜி சரியாகக் கிடைக்கும். கோடு மட்டும் ஆதிப்புள்ளி வழியாகப் போகாமல் சற்று மேலே வெட்டும். "ஏன் மேலே வெட்டுகிறது?" என்பதற்குப் பத்தில் ஐந்து மார்க் வையுங்கள். ரீடிங்குக்கு இரண்டு போதும், ஜி 9.8க்கு மார்க் கொடுத்தால் எல்லாருக்கும் 9.8 தான் வரும்.

அதே ஊர்: வேதியியலில் டைட்ரேஷனை (தரம்பார்த்தல்) ஆன்லைனில் எப்படிப் பழக்குவது?

விர்ச்சுவல் லேப்ஸ் என்ற ஆன்லைன் ஆய்வகத் தளத்தில் வரிசையும் கணக்கும் பழகலாம், கை பழகாது. நேரில் கிடைக்கும் ஓரிரு நாளைப் பிப்பெட், பியூரெட்டில் திரவ மட்டத்தின் அடிவளைவைப் படித்தல், பினால்ப்தலீனின் வெளிர் இளஞ்சிவப்பு அரை நிமிடம் நிற்கும் முடிவுநிலை, இவற்றுக்கே ஒதுக்குங்கள். கோட்பாட்டை அங்கே பேசாதீர்கள்.

வியாசர்பாடி, முதலாண்டு மாணவி: பன்னிரண்டு வரை தமிழ் வழி. வார்த்தை புரிவதற்குள் ஸ்லைடு போய்விடுகிறது சார்.

பெட் (PhET) தளத்தில், திரையில் நாமே இயக்கிப் பார்க்கும் அறிவியல் சிமுலேஷன்கள் பல தமிழிலேயே கிடைக்கின்றன. வகுப்புக்கு முந்தின நாள் பத்து நிமிடம் ஓட்டிப் பாரும்மா. வாரம் பத்துச் சொல்லை மட்டும் ஜோடியாக எழுதுங்கள்: முடுக்கம், ஆக்சிலரேஷன், உந்தம், மொமென்டம். ஆசிரியர்களுக்கும் ஒரு வார்த்தை: சாட்டில் தமிழில் வரும் பதிலை ஏற்றுக்கொள்ளுங்கள். ஆங்கில வாக்கியத்தைத் தேர்வுக்கு முன் தனியாகப் பழக்கலாம்.

எண்ணூர், மாணவர்: மாதக் கடைசியில் டேட்டா தீர்ந்துவிடுகிறது.

ஆசிரியரிடம் ஆடியோவும் ஸ்லைடு பிடிஎஃப்பும் தனியாகக் கேளுங்கள். 64 கேபிபிஎஸ் ஆடியோ ஒரு மணி நேரத்துக்கு 29 எம்பி கூட ஆகாது. கேள்விகளுக்கு ஆடியோவை எந்த நிமிடத்தில் நிறுத்திப் பதில் எழுத வேண்டும் என்று பிடிஎஃப்பில் குறித்துத் தரச் சொல்லுங்கள்.