மிருகக்காட்சிசாலைகளில் விலங்குகளை அடைத்து வைத்துக் குட்டி போட வைப்பது கொடுமைதானே?

கொழும்புக்குப் பக்கத்துத் தெகிவளை மிருகக்காட்சிசாலைக்குச் சுற்றுலா போய், கூண்டுக்குள் அங்கும் இங்கும் நடக்கும் சிறுத்தையைப் பார்த்து மனம் நொந்து கேட்டிருக்கிறீர்கள் போல. அதில் நியாயம் உண்டு. ஆனால் “கொடுமைதானே” என்று நீங்களே தீர்ப்பும் எழுதியதுதான் எனக்குச் சுட்டது.

நான் மட்டக்களப்பு படுவான்கரைப் பக்கம். எங்கள் வீட்டில் மாட்டுப் பட்டி இருந்தது. அந்தப் பழக்கத்தில்தான் வளைகுடாவில் ஒரு மிருகக்காட்சிசாலையில் பராமரிப்பு வேலை கிடைத்தது. என் பொறுப்பில் இருந்தது அரேபிய ஓரிக்ஸ்; வெள்ளை உடம்பும் ஈட்டி போன்ற கொம்பும் உள்ள மான் வகை. காட்டில் மிஞ்சியிருந்த கடைசி ஓரிக்ஸும் 1972இல் ஓமானில் வேட்டைக்குப் பலியானது. பிறகு இருந்ததெல்லாம் நீங்கள் சொல்லும் அடைப்புகளில்தான். அமெரிக்காவில் ஃபீனிக்ஸ் மிருகக்காட்சிசாலையில் 1960களில் 9 விலங்குகளோடு தொடங்கிய மந்தையின் வழிவந்தவற்றைத்தான் 1982இல் ஓமான் பாலைவனத்தில் திரும்ப விட்டார்கள்.

ஈனும் நேரம் வந்தால் பெட்டை கூட்டத்தை விட்டு ஒதுங்கும். மாடென்றால் பக்கத்தில் போய்த் தடவிக் கொடுப்போம், தேவைப்பட்டால் கையைப் போட்டுக் கன்றை இழுப்போம். அங்கே அதெல்லாம் கூடாது, தூரத்தில் நின்று பைனாகுலரில் பார்ப்பதுதான் வேலை. கன்று தாயைப் போல வெள்ளையாக இராது, மண்ணிறம். பாலைக் குடித்துவிட்டு மணலோடு மணலாகப் படுத்துவிடும், தாய் தள்ளிப் போய் மேயும். புதிதாக வந்த பையன் ஒருவன் “தாய் விட்டுட்டுப் போயிட்டுது” என்று தூக்கப் போய், மேற்பார்வையாளரிடம் வாங்கிய ஏச்சு கொஞ்சநஞ்சமல்ல. அப்புறம் கையுறை போட்டுத் தொப்புளுக்கு அயடீன், நிறை, காதில் இலக்கம், எல்லாம் சில நிமிடத்தில் முடிய வேண்டும். அந்த இலக்கத்தை வைத்துத்தான் எந்தக் கிடாய், எந்தப் பெட்டை வழி என்று பதிவேட்டில் பார்ப்பார்கள். கொஞ்சத்திலிருந்து பெருகிய இனம், நெருங்கிய இரத்தம் சேரக் கூடாது. கிடாயை வேறு இடத்துக்கு அனுப்பும்போது கொம்பில் பிளாஸ்டிக் குழாய் செருகுவோம். விரட்டிப் பிடித்தால் தசை சிதைந்து சில நாள் கழித்துக்கூடச் செத்துப் போகும். அதனால் விடியற்காலைக் குளிரில், தீனியைக் காட்டித்தான் உள்ளே எடுப்போம்.

உடனே சிலர் வருவார்கள், ஓமானில் விட்டதையும் திரும்ப வேட்டையாடினார்களே, 2007இல் யுனெஸ்கோ அந்தச் சரணாலயத்தை உலக மரபுரிமைப் பட்டியலிலிருந்தே நீக்கியதே என்று. உண்மைதான். அதற்குக் கன்று வளர்த்தவன் என்ன செய்வான்? மற்ற நாடுகளிலும் விட்டதால் 2011இல், அழியும் ஆபத்திலுள்ள உயிரினங்களைத் தரம் பிரிக்கும் உலகச் சிவப்புப் பட்டியலில் அதன் நிலை ஒரு படி முன்னேறியது. காட்டில் அற்றுப்போன விலங்கொன்று அந்தளவு மீண்டது அதுதான் முதல் தடவை. கூட்டம் சேர்க்கவென்றே புலிக்குட்டி எடுக்கும் இடங்களும் உண்டு, அவற்றுக்கு நான் வக்காலத்து வாங்க வரவில்லை.

ஊருக்கு வந்தால் எனக்குப் பெயர் “அரபிக்குச் சாணி அள்ளினவன்”. சரி, போகட்டும். வேளாண்மை விளைந்து கிடக்கிறது, இரவானால் யானை இறங்குகிறது. வனசீவராசிகள் அலுவலகத்தில் போய்ச் சொன்னால், யானையை விரட்டப் போடும் யானை வெடி நாலைந்தைத் தந்து அனுப்புகிறார்கள். மின்வேலி இருக்கிறது, அதில் மின்சாரம்தான் இல்லை, கொடி படர்ந்து கம்பியே தெரியவில்லை. அங்கே கம்பி தளர்ந்தால் அன்றைக்கே ஆள் வரும். இங்கே வேலி பார்க்க ஆளெடுத்தால் போகலாம் என்று விசாரித்தேன். அதற்குச் சாதாரண தரப் பரீட்சையில் கணிதம் சித்தியடைந்திருக்க வேண்டுமாம்.