நீங்கள் ஆடிய கோல்ஃப் மைதானங்களில் மிகவும் பிடித்தது எது? சாதாரண ஆட்டக்காரர்கள் சொல்லுங்கள்

ஸ்காட்லாந்தில் செயின்ட் ஆண்ட்ரூஸ் ஊரில் இருக்கும் ஓல்டு கோர்ஸ். 2019 ஜூனில் ஒரே ஒரு முறை ஆடினேன்.

"உலகமே அறிந்த பெயரைச் சொல்லிப் பீற்றிக்கொள்கிறாள்" என்று யாராவது எழுதும் முன் சொல்லிவிடுகிறேன். நான் பக்கத்து டண்டீயில் நர்ஸ். டே ஆற்றுப் பாலத்தைத் தாண்டி பஸ்ஸில் போய்விடும் தூரம்தான். 38 வயதில்தான் முதன்முதலாகக் கோல்ஃப் மட்டையைத் தொட்டேன். வார்டில் கூட வேலை பார்த்த ஒரு ஸ்காட்லாந்து அம்மா, ஒரு லீவு நாளில் என்னை நகராட்சி மைதானத்துக்குக் கூட்டிப் போனார். அன்று பிடித்தது இன்னும் விடவில்லை. நீங்களும் புதிதாக ஆரம்பித்தவர், ஒரு நல்ல இடத்தில் ஆடக் காசு சேர்க்கிறவர் என்று நினைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

கோல்ஃப் என்றாலே பணக்காரர்களின் வேலி போட்ட சொத்து என்றுதான் நம் ஊரில் நினைப்பு. நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஓல்டு கோர்ஸ் எந்த கிளப்புக்கும் சொந்தமில்லை. முதல் டீக்கு, அதாவது ஆட்டம் தொடங்கும் இடத்துக்கு, பின்னால் இருக்கும் கம்பீரமான கல் கட்டடம் ஒரு கிளப்பினுடையது, மைதானம் அவர்களுடையது அல்ல. அது பொது நிலம். அங்கே ஆட ஊர் மக்களுக்கு உரிமை உண்டு என்று 1552-லேயே பேராயர் ஹாமில்டன் சாசனம் எழுதிக் கொடுத்திருக்கிறார். இடையில் ஊருக்குக் கடன் முற்றி, நிலம் முயல் வளர்ப்பவர்கள் கைக்குப் போனது. ஆட்டக்காரர்கள் பல வருடம் சண்டை போட்டார்கள். இப்போது ஓர் அறக்கட்டளை பார்த்துக்கொள்கிறது. வழக்கமாக ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் கிடையாது. அன்று ஊர் ஜனம் நாயைக் கூட்டிக்கொண்டு, குழந்தைகளோடு அந்தப் புல்லில் நடக்கும். நானும் முதலில் அப்படி நடக்கப் போனவள்தான்.

சரி, ஆடிய கதைக்கு வருகிறேன். ஆட நேரம் ஒதுக்குவது குலுக்கலில், இரண்டு பேராவது சேர்ந்தால்தான் அதில் பெயர் கொடுக்கலாம். எனக்கு ஜோடி இல்லை. தனி ஆளாகப் போகிறவர்கள் அப்போதெல்லாம் ராத்திரியே போய் வரிசையில் உட்கார வேண்டும். எங்காவது இரண்டு பேர், மூன்று பேர் ஆடும் குழுவில் இடம் இருந்தால் சேர்த்துவிடுவார்கள். ஹேண்டிகேப் சான்றிதழ் வேண்டும். ஹேண்டிகேப் என்பது ஆட்டத் திறனைக் காட்டும் எண், குறையக் குறைய ஆட்டம் நல்லது. பெண்களுக்கு அப்போது 36 வரை அனுமதி, எனக்கு 33.

என் வீட்டுக்காரர் ராத்திரி ஒன்றரை மணிக்குக் கொண்டுவந்து விட்டார். எனக்கு முன்னால் ஆறு பேர், எல்லோரும் ஆண்கள். போர்வையைச் சுற்றிக்கொண்டு, ஃபிளாஸ்கில் கொண்டுபோன சுக்கு காப்பியைக் குடித்தபடி உட்கார்ந்திருந்தேன். ஜூன் மாதம் அங்கே நாலரைக்கெல்லாம் விடிந்துவிடும். கடல் பக்கமிருந்து காற்று வந்து காதைப் பிடுங்கியது. பதினொரு மணி வாக்கில் என் பெயரைக் கூப்பிட்டார்கள். ஓர் அப்பாவும் இரண்டு மகன்களும் ஆடும் குழு. ஆட்டத்தைத் தொடங்கி வைக்கும் ஸ்டார்ட்டர் அவர்களிடம் சம்மதம் கேட்டபோது எனக்கு நெஞ்சு அடித்துக்கொண்டது. அந்த அப்பா கை நீட்டி, "வாங்க, நாலு பேர்னா இன்னும் நல்லது" என்ற மாதிரி ஏதோ சொன்னார்.

ஒரு குழி வரை ஆடும் பகுதிதான் ஹோல். முதல் ஹோலில் ஃபேர்வே, அதாவது பந்து போகும் புல் பாதை, கடல் மாதிரி விரிந்து கிடக்கும். 18-ம் ஹோலும் அதையேதான் பங்குபோடுகிறது. பங்கர் என்னும் மணல் பள்ளம் ஒன்றுகூடக் கிடையாது. பந்து தரையோடு உருண்டாலும் நேராகப் போனது, எனக்கு அது போதும். குழி இருக்கும் வழவழப்பான புல் பரப்பைக் கிரீன் என்பார்கள், அவையும் அப்படித்தான். பெரும்பாலும் இரண்டு ஹோலுக்கு ஒரு கிரீன், எண்களைக் கூட்டினால் 18 வரும். இரண்டோடு பதினாறு, மூன்றோடு பதினைந்து, ஏழோடு பதினொன்று.

அந்தப் பதினொன்றுதான் நான் சாகும்வரை சொல்லப்போகும் ஹோல். சின்ன ஹோல், பார் 3, அதாவது மூன்றே அடியில் பந்தைக் குழியில் போட வேண்டும். இடப்பக்கம் ஹில் பங்கர், வலப்பக்கம் ஸ்ட்ராத் பங்கர், பின்னால் ஈடன் ஆற்றின் முகத்துவாரம். 1921-ல் இங்கே நடந்த ஓப்பன் போட்டியில் புகழ்பெற்ற அமெரிக்க ஆட்டக்காரர் பாபி ஜோன்ஸ் ஹில் பங்கரில் மாட்டி, அந்த ஹோலை முடிக்காமலேயே ஆட்டத்தை விட்டுவிட்டார். அவரே 1927-ல் திரும்பி வந்து அதே மைதானத்தில் ஓப்பனை ஜெயித்தார். எதிர்க்காற்றில் நான் 5-வுட் மட்டையை எடுத்தேன். பந்து இரண்டு பங்கருக்கும் நடுவே விழுந்து, உருண்டு ஏறி, கிரீனில் நின்றது. அங்கிருந்து இரண்டு பட், அதாவது குழியை நோக்கி இரண்டு முறை உருட்டினேன். மொத்தம் மூன்று அடி. அந்த அப்பா தொப்பியைக் கழற்றினார். காற்றில் கண்ணீர் வந்தது என்று அப்போது சொன்னேன். காற்று இல்லை, அழுதேன்.

14-ம் ஹோலின் ஹெல் பங்கரில் விழுந்து நான்கு முறை அடித்தது வீணானது உண்மை. மொத்தம் 112 முறை அடித்தேன், கோல்ஃபில் குறைவாக அடித்தால்தான் நல்லது. "112 அடித்தவளுக்கு ஓல்டு கோர்ஸ் எதற்கு, ஆட்டம் தெரிந்தவர்கள் காத்திருக்கிறார்கள்" என்று இதற்கு முன் ஒருவர் என்னிடம் சொல்லியிருக்கிறார். விதிப்படி வரிசையில் உட்கார்ந்து, ஒரு வருடம் கூடுதல் ஷிஃப்ட் பார்த்துச் சேர்த்த பணத்தைக் கட்டி ஆடினேன். யாரையும் காக்க வைக்கவில்லை, பந்து தொலைந்தால் தேடிக்கொண்டும் நிற்கவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லைதான், இருந்தாலும் சொல்கிறேன். திண்டுக்கல் பக்கம் நான் படித்த பள்ளியில் வாரத்துக்கு இரண்டு பி.டி. பீரியட். பையன்கள் மைதானத்துக்குப் போவார்கள். எங்களுக்கு ஒரு ரிங் பந்து, அதுவும் கட்டடத்துக்குப் பின்னால். பத்தாம் வகுப்பு வந்ததும் கணக்கு டீச்சர் அந்த இரண்டையும் எடுத்துக்கொண்டார். பையன்களின் பீரியடை யாரும் தொடவில்லை. நான் நன்றாக ஓடுவேன், கை வாகும் இருந்தது. அது எனக்கே 38 வயதில்தான் தெரிந்தது. இன்று எங்கள் ஊர்ப் பள்ளிகளில் இதைச் செய்யும் ஒவ்வொருவர் மீதும் எனக்குக் கோபம் இருக்கிறது. மதிப்பெண் வரும், சரி. போன உடம்பு எப்போது வரும்?

செயின்ட் ஆண்ட்ரூஸிலும் எல்லாம் சுத்தம் என்று சொல்லவில்லை. அந்தக் கல் கட்டடத்து கிளப் 2014 செப்டம்பரில்தான் பெண்களைச் சேர்க்க ஓட்டுப் போட்டது. அதற்கு வெகுகாலம் முன்னால், 1867-லேயே, அங்கே பெண்கள் தங்களுக்கென்று ஒரு பட்டிங் கிளப் ஆரம்பித்துவிட்டார்கள். பெண் மட்டையைத் தோளுக்கு மேல் ஓங்குவது அழகல்ல என்று அந்தக் காலத்தில் நினைத்ததால், உருட்டி ஆடும் ஆட்டம் மட்டும். மேடும் பள்ளமுமாக இருக்கும் அந்த இடத்துக்கு ஹிமாலயாஸ் என்றே பெயர். சில பவுண்டு கொடுத்தால் யாரும் ஆடலாம், பட்டரும் அவர்களே தருவார்கள். என் மகள் அங்கேதான் பழகினாள்.

நீங்கள் போவதாக இருந்தால்: ராத்திரி வரிசை இப்போது இல்லை, 2024 முதல் தனி ஆட்களுக்கும் டிஜிட்டல் குலுக்கல்தான். ஜூன் மாதம் என்றாலும் காற்றைத் தடுக்கும் ஜாக்கெட் எடுத்துக்கொள்ளுங்கள். எங்கே அடிப்பது என்று சந்தேகம் வந்தால் இடப்பக்கம் அடியுங்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை முன்னதாகவே போய், 11-ம் ஹோல் வரை நடந்து பாருங்கள். காசு கிடையாது.