ரோஸ் பவுலில் அலபாமாவை மிச்சிகன் வெல்லுமா?

கேள்வி: 2024 ஜனவரி 1, கலிஃபோர்னியாவின் பாசடீனாவில், அமெரிக்கக் கல்லூரி ஃபுட்பால் பிளேஆஃபின் ரோஸ் பவுல் செமிஃபைனலில் மிச்சிகன் அலபாமாவை வெல்லுமா? ஒரு மிச்சிகன் ரசிகராக என்ன நினைக்கிறீர்கள்?

மேட்சுக்கு முன் எழுதுகிறேன்: வெல்லும் என்றுதான் நினைக்கிறேன். 13 மேட்ச் ஆடி 13-ம் ஜெயித்த டீம் இது. ஆனால் ஒரே ஒரு இடத்தை நினைத்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அது எங்கள் லைனின் வலது பக்கம். பந்தை எறியும் குவார்ட்டர்பேக்கைக் காக்க முன்னால் நிற்கும் ஐந்து பேர்தான் லைன்: நடுவில் சென்டர், அவருக்கு இருபுறமும் கார்டு, வெளி ஓரங்களில் டாக்கிள்.

ஏன் என்று சொல்கிறேன். நவம்பர் 25, ஒஹாயோ ஸ்டேட் மேட்ச், ஆன் ஆர்பர் ஸ்டேடியத்தில் இருந்தேன். மூன்றாவது குவார்ட்டர், ஸ்கோர் 17-17. எங்கள் ரைட் கார்டு ஸாக் ஸின்டர் விழுந்தவர் எழுந்திருக்கவில்லை. கால் முறிந்துவிட்டது. லட்சம் பேர் உட்கார்ந்திருக்கும் இடத்தில் பக்கத்து சீட்காரர் மூச்சு விடுவது கேட்டது, அப்படி ஒரு அமைதி. டீம் மொத்தமும் மைதானத்துக்குள் வந்து அவரைச் சுற்றி நின்றது, வண்டியில் ஏற்றிக்கொண்டு போனார்கள். மேட்ச் தொடர்ந்ததும் அடுத்த நகர்விலேயே எங்கள் ஓட்டக்காரர் பிளேக் கோரம் பந்தை வாங்கி 22 யார்டு ஓடி, எதிரணியின் எல்லைக் கோட்டைத் தாண்டி டச்டவுன் போட்டார், போட்டுவிட்டு விரல்களால் 6, 5 என்று காட்டினார். 65 ஸின்டரின் ஜெர்சி எண். எனக்குத் தெரியாதவர் ஒருவர் என்னைக் கட்டிப்பிடித்து அழுதார், நானும் அழுதேன். கடைசியில் 30-24 ஜெயித்தோம்.

ஜெயித்தது சரி, ஸின்டர் போனது போனதுதான். இப்போது ரைட் டாக்கிளாக இருந்த கார்சன் பார்ன்ஹார்ட் கார்டு இடத்துக்கு வந்திருக்கிறார், டாக்கிள் இடத்தில் ட்ரென்டே ஜோன்ஸ். அயோவாவை 26-0 என்று ஜெயித்த மேட்ச் இந்த ஏற்பாட்டோடுதான். ஆனால் அயோவாவில் டல்லஸ் டர்னர் இல்லை. அலபாமாவின் அந்த 15-ம் நம்பர், ஸ்னாப் ஆனதும், அதாவது சென்டர் பந்தைப் பின்னால் கொடுத்ததும், டாக்கிளின் வெளித்தோளைத் தாண்டிப் போய்விடுவார், திரும்பிப் பார்ப்பதற்குள் குவார்ட்டர்பேக் தரையில் இருப்பார். இன்னொரு முனையில் கிறிஸ் பிராஸ்வெல். பத்து யார்டு நகர நாலு வாய்ப்பு, ஒவ்வொன்றும் ஒரு டவுன். மூன்றாவது டவுனில் எட்டு, ஒன்பது யார்டு தேவை என்ற நிலைமை அடிக்கடி வந்தால் எங்கள் குவார்ட்டர்பேக் ஜே.ஜே. மெக்கார்த்தி பாவம்.

அதனால் பந்தை எறியாமல், எடுத்துக்கொண்டு ஓடவேண்டும். முதல் டவுனிலும் இரண்டாவதிலும் ஓடி, மூன்றாவதை இரண்டு மூன்று யார்டுக்குக் கொண்டுவந்து வைக்கவேண்டும். பென் ஸ்டேட்டை அவர்கள் ஊரிலேயே 24-15 என்று ஜெயித்தோமே, அன்று தொடர்ந்து 32 முறை ஓடியே ஆடினோம், இரண்டாம் பாதியில் கணக்கில் ஒரு பாஸ்கூட இல்லை. அலுப்பாக இருந்தது என்று எழுதினார்கள். எனக்கு இந்த சீசனில் அதைவிடப் பிடித்த அரைமணி நேரம் கிடையாது. கோரம் இதுவரை ஓடியே 24 டச்டவுன் போட்டிருக்கிறார், அவரை வைத்துக்கொண்டு வேறு எதற்குப் போகவேண்டும்?

போன வருடம் இதே செமிஃபைனலில், அரிசோனாவில், டி.சி.யு.வோடு (டெக்ஸஸ் கிறிஸ்டியன் பல்கலைக்கழகம்) நாம் செய்த தப்பு அப்படி வேறு எதற்கோ போனதுதான். எங்கள் இன்னொரு ஓட்டக்காரர் டோனவன் எட்வர்ட்ஸ் ஆரம்பத்திலேயே 54 யார்டு ஓடிவிட்டார். நாலாவது டவுன், கோட்டுக்கு இரண்டு யார்டு. நேராக முட்டித் தள்ளியிருக்கலாம். பந்தைக் கைமாற்றிக் கைமாற்றி ஒரு வித்தை ஆட்டம் ஆடி, ஒரு புள்ளிகூட இல்லாமல் திரும்பினோம். மெக்கார்த்தி எறிந்த இரண்டு பாஸை அவர்கள் பிடித்து அப்படியே டச்டவுன் வரை கொண்டுபோனார்கள். 51-45. அதற்கு முந்தைய வருடம் ஜார்ஜியாவிடம் 34-11. அந்த மேட்சில் நாம் அவர்களுக்கு ஈடே இல்லை, அதை நான் ஏற்றுக்கொண்டுவிட்டேன். டி.சி.யு. தோல்வி இன்னும் உறுத்துகிறது.

சரி, அலபாமா. செப்டம்பரில் டெக்ஸஸிடம் 34-24 தோற்றபோது பார்த்த டீமை மறந்துவிடுங்கள். அடுத்த வாரம் வெளியே உட்கார வைக்கப்பட்ட குவார்ட்டர்பேக் ஜேலன் மில்ரோதான் திரும்பி வந்து இவர்களை இங்கே கொண்டுவந்து சேர்த்தார். ஆபர்ன் மேட்சில் நாலாவது டவுன், 31 யார்டு தூரம், ஏசையா பாண்டுக்கு மூலையில் எறிந்த அந்த டச்டவுனை எத்தனை முறை போட்டுப் பார்த்தேன் என்று கணக்கில்லை. அப்புறம் 29 மேட்ச் தோற்காமல் இருந்த ஜார்ஜியாவை 27-24 என்று நிறுத்தினார்கள். அவர்களின் பயிற்சியாளர் நிக் சேபன் இந்த பிளேஆஃப் செமிஃபைனலில் இதுவரை ஒரே ஒரு முறைதான் தோற்றிருக்கிறார். தயாராவதற்கு ஒரு மாதம் கொடுத்தால் அவர் என்னவெல்லாம் கண்டுபிடிப்பார் என்பது பயப்படவேண்டிய விஷயம்தான்.

ஆனால் மில்ரோ பந்தை ரொம்ப நேரம் கையில் வைத்திருப்பார். இந்த சீசனில் அலபாமாவின் குவார்ட்டர்பேக்குகள் பந்தை எறிவதற்குள் 40 முறைக்கு மேல் பிடிபட்டிருக்கிறார்கள். சென்டரிடமிருந்து வரும் ஸ்னாப்பும் சில சமயம் தாறுமாறாக வருகிறது, அந்த 31 யார்டு நிலைமை வந்ததற்கே ஒரு மோசமான ஸ்னாப்தான் ஆரம்பம். எங்கள் டிஃபென்ஸின் மேசன் கிரஹாம், கென்னத் கிரான்ட், கிரிஸ் ஜென்கின்ஸ் மூவரும் நடுவில் இருந்து சென்டரைப் பின்னால் தள்ளிக்கொண்டே வந்தால் போதும், விளிம்பில் இருப்பவர்கள் பாய்ந்து போகாமல் வழியை அடைத்து நிற்கட்டும். பாய்ந்தால் மில்ரோ அவர்களைத் தாண்டி ஓடிவிடுவார், அந்த ஓட்டத்தைப் பின்னால் துரத்திப் பிடிக்க நம்மில் யாரும் இல்லை. 13 மேட்சில் நம் டிஃபென்ஸ் கொடுத்தது சராசரி 10 புள்ளிக்கும் குறைவு. ஆகவே பொறுமையாக நிற்கலாம். நீளமான பாஸ் ஒன்றிரண்டு போகத்தான் செய்யும். 2020 சிட்ரஸ் பவுலில் அலபாமாவின் முதல் நகர்வே ஜெரி ஜூடிக்கு எறிந்த 85 யார்டு டச்டவுன், அன்று 35-16 தோற்றோம். அப்படி ஒன்று நடந்தாலும் பதறாமல் கோரமிடம் பந்தைக் கொடுக்கவேண்டும், அவ்வளவுதான்.

பழைய கணக்கு கேட்கிறவர்களுக்கு: 2000 ஜனவரி 1, ஆரஞ்சு பவுலில் இதே அலபாமாவை ஓவர்டைமில் 35-34 என்று ஜெயித்திருக்கிறோம், குவார்ட்டர்பேக் டாம் பிரேடி. இந்த சீசனுக்கு முன் நாம் கடைசியாக சாம்பியன் ஆன 1997 சீசன் முடிந்ததும் இதே பாசடீனா மைதானத்தில்தான்.

என் கணிப்பு மிச்சிகன் 24, அலபாமா 21. மிச்சிகன் நேரப்படி மாலை 5 மணிக்கு ஆரம்பம், பாசடீனாவில் அப்போது மதியம் 2. நீங்களும் பார்க்கப்போகிறீர்கள் என்றால் நம் கையில் பந்து வரும் முதல் இரண்டு முறையும் பந்தைப் பார்க்காதீர்கள், ட்ரென்டே ஜோன்ஸின் கால்களைப் பாருங்கள். டர்னர் வெளிப்பக்கம் வரும்போது அந்தக் கால்கள் அவசரப்படாமல் பக்கவாட்டில் நகர்ந்துகொண்டே இருந்தால், நான் அப்போதே சோபாவில் சாய்ந்து உட்கார்ந்துவிடுவேன்.