உறங்கும் கணினியை ரௌட்டர் எழுப்புமா?

கேள்வி: மதுரையில் உள்ள வீட்டுக் கணினியைச் சென்னையிலிருந்து இயக்குவதற்காக, ரௌட்டரில் 9-ஆம் எண் போர்ட்டைத் திறந்து அந்தக் கணினியின் ஐ.பி. முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கிறேன். கணினி உறங்கிய முதல் சில நிமிடங்களுக்குள் கைப்பேசிச் செயலி வழியாக எழுப்பினால் எழுந்துவிடுகிறது. இரவு கழிந்து மறுநாள் காலையில் முயன்றால் அசைவதில்லை. கோளாறு கணினியிலா, ரௌட்டரிலா?

– ஒரு வாசகர், மதுரை

பதில்: இரண்டிலும் கோளாறு இல்லை, தேர்ந்தெடுத்த வழியில்தான் சிக்கல். சில நிமிடங்கள் வரை எழுகிறது என்று நீங்கள் கவனித்து எழுதியதால் காரணத்தைத் தேடி அலைய வேண்டியிருக்கவில்லை.

கணினியை எழுப்பும் செய்திக்கு மேஜிக் பாக்கெட் என்று பெயர். ஏ.எம்.டி., ஹெச்.பி. நிறுவனங்கள் 1990-களில் வகுத்த முறை இது. எல்லா பிட்டுகளும் 1 ஆக உள்ள 6 பைட்டுகள் முதலில் வரும்; அதன்பின் எழுப்ப வேண்டிய கணினியின் மேக் முகவரி (நெட்வொர்க் கார்டுக்கே உரிய அடையாள எண்) 16 முறை தொடரும்; ஆக மொத்தம் 102 பைட்டுகள். கணினி உறங்கினாலும் அதன் நெட்வொர்க் கார்டுக்கு மட்டும் சிறிதளவு மின்சாரம் கிடைத்துக்கொண்டிருப்பதால், அது இந்த வரிசையைக் கண்டுகொண்டு மதர்போர்டுக்குச் சைகை கொடுக்கிறது. இந்த ஏற்பாட்டில் ஐ.பி. முகவரிக்கு வேலையே இல்லை என்பதுதான் முக்கியம்.

வெளியிலிருந்து வரும் பாக்கெட்டை ஓர் ஐ.பி. முகவரிக்குச் சேர்க்க வேண்டுமானால், அந்த முகவரி எந்த மேக் முகவரிக்கு உரியது என்பது ரௌட்டருக்குத் தெரிந்திருக்க வேண்டும். அந்த விவரத்தை அது ஏ.ஆர்.பி. அட்டவணையில் சிறிது காலமே வைத்திருக்கும். அதுவரை உங்கள் பாக்கெட் போய்ச் சேர்ந்தது. பதிவு காலாவதியான பின் ரௌட்டர் மீண்டும் விசாரிக்கிறது, உறங்கும் கணினி பதில் சொல்வதில்லை, பாக்கெட் கைவிடப்படுகிறது. வீட்டு வலையமைப்பிலுள்ள எல்லாச் சாதனங்களுக்கும் பொதுவாகச் செல்லும் பிராட்காஸ்ட் முகவரிக்குத் திருப்பலாமே என்றால், பெரும்பாலான ரௌட்டர்கள் அதை ஏற்பதில்லை. வெளியிலிருந்து வரும் பிராட்காஸ்டைப் பயன்படுத்தி நடந்த தாக்குதல்களுக்குப் பிறகு, 1999-இல் வெளியான ஆர்.எஃப்.சி. 2644 என்ற இணைய நெறிமுறை ஆவணம் அதை முடக்கி வைப்பதையே இயல்புநிலையாக்கியது.

ஆகவே பாக்கெட் வீட்டுக்குள்ளிருந்தே கிளம்ப வேண்டும். வீட்டில் எந்நேரமும் விழித்திருப்பது ரௌட்டர்தான். ஏசுஸ் ரௌட்டர்கள் பலவற்றின் நிர்வாகப் பக்கத்திலேயே கணினியை எழுப்பும் வசதி உண்டு, ஓப்பன்-டபிள்யூ.ஆர்.டி. என்ற திறமூல மென்பொருளை நிறுவிய ரௌட்டரில் ஈதர்வேக் என்ற சிறு நிரலைச் சேர்த்துக்கொள்ளலாம். ஆனால் நிர்வாகப் பக்கத்தை இணையத்துக்குத் திறந்து வைக்காதீர்கள். ரௌட்டரில் வயர்கார்டு போன்ற வி.பி.என். (வெளியிலிருந்து வீட்டு வலையமைப்புக்குள் செல்லும் பாதுகாப்பான தனிவழி) அமைத்து, அதன் வழியே உள்ளே சென்று எழுப்புங்கள். இணைய நிறுவனம் பொது ஐ.பி. தராமல் பல வாடிக்கையாளர்களை ஒரே முகவரிக்குப் பின்னால் வைத்திருந்தால் (உங்களுக்கு அப்படியில்லை என்பது தெரிகிறது) வெளியிலிருந்து வீட்டு ரௌட்டரை நேரடியாக எட்டவே முடியாது. அத்தகையோருக்கு டெயில்ஸ்கேல் போன்ற வி.பி.என். சேவை உதவும். உங்கள் ரௌட்டரில் இவை எதற்கும் இடமில்லையென்றால், ராஸ்ப்பெரி பை என்ற சிறு கணினி ஒன்றை லேன் கேபிளில் இணைத்து அந்தப் பொறுப்பை ஒப்படைக்கலாம்.

கணினியை உறங்கவிடாமல் முழுதாக அணைத்து வைப்பவராக இருந்தால், விண்டோஸில் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் என்ற விரைவுத் தொடக்க வசதியையும், பயாஸில் (மதர்போர்டின் அடிப்படை அமைப்புகள் உள்ள இடம்) இ.ஆர்.பி. என்ற மின்சேமிப்பு அமைப்பையும் நிறுத்திவிடுங்கள். அணைத்த பிறகும் லேன் போர்ட்டின் விளக்கு எரிந்தால் கார்டு விழித்திருக்கிறது என்று பெரும்பாலும் நம்பலாம். வைஃபை வழியாக எழுப்புவதை நான் பரிந்துரைக்க மாட்டேன்; கேபிளே நம்பகமானது.

மின்வெட்டையும் கணக்கில் கொள்ளுங்கள். மின்சாரம் போய் வந்தபின், ஒருமுறை இயக்கி அணைக்கும்வரை பல கணினிகளின் நெட்வொர்க் கார்டு எழுப்புச் செய்தியைக் கவனிப்பதில்லை. மின்சாரம் திரும்பியதும் கணினி தானாக இயங்கும்படி பயாஸில் அமைத்து, ரௌட்டருக்கு ஒரு சிறிய யு.பி.எஸ். வாங்கி வைத்துவிட்டுச் சென்னைக்குப் புறப்படுங்கள்.