சிட்னி ஹார்பர் பாலம்: சைக்கிளுக்கு வழி எந்தப் பக்கம்?

பாலத்தைச் சைக்கிளில் கடக்க வேண்டும், வழியில் ஆபரா ஹவுஸைப் படம் எடுக்க வேண்டும், ஆனால் மேப் கம்பர்லேண்ட் தெருப் படிக்கட்டுக்குக் கொண்டுபோகிறது என்று கேட்டிருந்தீர்கள். அந்தப் படிகளில் சைக்கிளை ஏற்ற வேண்டாம். அவை போய்ச் சேருவது பாலத்தின் கிழக்குப் பக்க நடைபாதைக்கு, அது நடப்பவர்களுக்கு மட்டும். சைக்கிள் பாதை மேற்குப் பக்கம். தெற்கு முனையில் அப்சர்வேட்டரி ஹில் அருகே அப்பர் ஃபோர்ட் தெருவில் ஏறலாம். நகரத்திலிருந்து கென்ட் தெரு சைக்கிள் பாதையைப் பிடித்து வருவது எளிது.

மேப்பில் ‘நடை’ தேர்வாகி இருந்திருக்கும், அதனால்தான் படிக்கட்டுக்குக் கொண்டுபோய் விட்டிருக்கிறது. ‘சைக்கிள்’ என்று மாற்றித் தேடிப் பாருங்கள். பாலத்தின் மேல் சந்தேகம் வந்தால், பக்கத்தில் ரயில் ஓடினால் சரியான பாதை. ஆபரா ஹவுஸ் பக்கக் கைப்பிடி ஓரமாகப் போனால் தப்பு.

ஒன்று மட்டும்: நீங்கள் கேட்ட ஆபரா ஹவுஸ் படம் மேற்கிலிருந்து சரியாக வராது, தண்டவாளமும் சாலையும் குறுக்கே நிற்கும். படம்தான் முக்கியம் என்றால் சைக்கிளைக் கீழே பூட்டிவிட்டு கிழக்குப் பக்க நடைபாதையில் நடந்தே போங்கள். பாலம் மொத்தமே 1,149 மீட்டர். நின்று நின்று பார்த்தாலும் அரை மணி நேரம் போதும். தென்கிழக்குத் தூண் கோபுரமும் அந்த வழியில்தான், உள்ளே 200 படிகள்.

ஹெல்மெட் அங்கே பெரியவர்களுக்கும் கட்டாயம்.